பள்ளத்தின் சுவரில் பழைய நிலநடுக்கம்: எப்படித் தெரிகிறது, எவ்வளவு நம்பலாம்?

கேள்வி இது: எழுத்துப் பதிவே இல்லாத காலத்தில் வந்த நிலநடுக்கத்தை, பள்ளம் தோண்டி மண்ணைப் பார்த்தே கண்டுபிடிக்கிறார்களாமே, எப்படி? "கி.பி. 1000 வாக்கில் ஒன்று வந்தது" என்று சொல்வதை எவ்வளவு நம்பலாம்? அடுத்தது எப்போது என்று அதை வைத்துச் சொல்ல முடியுமா?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நிலநடுக்கத்துக்கு யாரும் வயது பார்ப்பதில்லை, பார்க்கவும் முடியாது. அது சில விநாடிகளில் நடந்து முடிந்துவிடும் சம்பவம். வயது பார்க்க முடிவது மண்ணுக்குத்தான். சுவரில் ஓர் அடுக்கு அறுபட்டிருக்கிறது. அதற்கு மேலே உள்ள அடுக்கு அறுபடாமல் படிந்திருக்கிறது. அப்படியானால் கீழ் அடுக்கு படிந்த பிறகு, மேல் அடுக்கு படிவதற்கு முன்பு நிலம் பிளந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள கோடுதான் நடுக்கம் வந்த அன்று மனிதரும் விலங்கும் நடந்து திரிந்த தரை. பள்ளத்துக்குள் இறங்கும் புவியியலாளர் தேடுவது அந்த 'அன்றைய தரை'யைத்தான். அது கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கிடைக்காவிட்டால், எத்தனை லட்சம் செலவழித்துக் காலக்கணிப்பு செய்தாலும் பயனில்லை.

எங்கே தோண்டுவது என்பதிலேயே பாதி வெற்றி தீர்மானமாகிவிடும். பிளவு, அதாவது நடுக்கத்தின்போது நிலம் அறுபட்டு நகரும் கோடு, ஒரு குறுகிய பட்டையில் தெளிவாக ஓட வேண்டும்; அதே இடத்தில் வண்டலும் அமைதியாக, விடாமல் படிந்துகொண்டே இருக்க வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்து அமையும் இடம் அரிது. மலைச்சரிவில் பிளவு அழகாகத் தெரியும், ஆனால் மழை எல்லாவற்றையும் அரித்துக்கொண்டு போயிருக்கும். பெரிய ஆற்றின் கரையிலோ வண்டல் அளவுக்கு மீறிச் சேரும். நான்கு மீட்டர் தோண்டினாலும் கடந்த 200 ஆண்டு மண்தான் கிடைக்கும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட, தோண்ட ஏற்ற இடங்கள் சிறு சதுப்புகள், பிளவு தானே உண்டாக்கிய குட்டைகள், ஓடைகள் விரிந்து மண் கொட்டும் விசிறிகள். பிளவு ஓடும் தடத்தை இப்போதெல்லாம் விமானத்திலிருந்து லேசர் கொண்டு எடுக்கும் லைடார் படங்களில் பார்க்கிறார்கள். ஓடை ஒன்று நேராக வந்து, சட்டென்று பக்கவாட்டில் ஒடிந்து, பிறகு மறுபடி நேராகப் போனால் அங்கே பிளவு நகர்ந்திருக்கிறது என்று பொருள். கலிஃபோர்னியாவில் சான் ஆண்ட்ரியாஸ் பிளவின் மேல் ஓடும் வாலஸ் ஓடை இப்படி 130 மீட்டர் ஒடிந்து கிடக்கிறது. அந்த ஒடிவு சேர ஏறக்குறைய 3,700 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன, அதாவது ஆண்டுக்கு 34 மில்லிமீட்டர். ஆனால் அது மெதுவாக வழுக்கிச் சேர்ந்த தூரம் அல்ல. பல தனித்தனிப் பாய்ச்சல்களின் கூட்டுத்தொகை. அந்தப் பாய்ச்சல்களைப் பிரித்து எண்ணத்தான் பள்ளம்.

தோண்டும் வேலையில் மர்மம் எதுவும் இல்லை. பொக்லைனை வைத்து, பிளவுக்குக் குறுக்கே, மூன்று முதல் ஐந்து மீட்டர் ஆழத்துக்கு நீளமான பள்ளம் எடுப்பார்கள். சுவர் சரிந்தால் உயிருக்கே ஆபத்து என்பதால் இருபுறமும் முட்டுக்கொடுப்பார்கள், அல்லது படிப்படியாக அகலப்படுத்தித் தோண்டுவார்கள். அப்புறம்தான் பொறுமையைச் சோதிக்கும் வேலை. இயந்திரத்தின் பற்கள் களிமண்ணைச் சுவரெல்லாம் இழுகிவிட்டிருக்கும். அதைக் கரண்டியால் சுரண்டிச் சுரண்டி எடுத்தால்தான் அடுக்குகள் தெரியும். காய்ந்துபோன சுவரில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் நிற வேறுபாடு துலங்கும். பிறகு நூல் கட்டி மீட்டருக்கு மீட்டர் கட்டம் போட்டு, ஒவ்வோர் அடுக்கின் எல்லையிலும் வண்ணக்கொடி கட்டிய ஆணிகளைக் குத்தி, முழுச் சுவரையும் வரைந்து, நூற்றுக்கணக்கில் புகைப்படம் எடுத்து ஒட்டுவார்கள். படம் மட்டும் போதாதா என்று கேட்கலாம். கையால் வரையும்போதுதான் "இந்தக் கோடு உண்மையில் எங்கே முடிகிறது?" என்று ஒவ்வோர் அங்குலத்திலும் முடிவெடுத்தாக வேண்டியிருக்கும். புகைப்படம் அந்தக் கட்டாயத்தைத் தருவதில்லை.

சரி, சுவரில் எதைப் பார்த்து நடுக்கம் என்கிறார்கள்?

எல்லோரும் முதலில் சொல்வது, கீழிருந்து மேலே வரும் விரிசல் ஓர் அடுக்கோடு நின்றுவிடுவது. பாடப்புத்தகப் படத்தில் அது மிகத் தெளிவாக இருக்கும். என் கணக்கில் இது தனியாக நின்றால் மிகப் பலவீனமான சாட்சி. விரிசல் மேலே வர வரக் கிளை பிரியும், நகர்வு சிறுத்துக்கொண்டே போகும். இளகிய மணலில் நுழைந்ததும் தடமே தெரியாமல் மறைந்துவிடும். கலிஃபோர்னியாவில் 1857இல் வந்த நடுக்கத்தின் கிளை ஒன்று தரைக்கு ஒரு மீட்டர் கீழேயே செத்துப்போயிருக்கலாம். அதை 1400ஆம் ஆண்டு நடுக்கம் என்று எண்ணிவிடுவது மிக எளிது. ஒரே மட்டத்தில் பல விரிசல்கள் சேர்ந்து நின்றால், அதுவும் எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டிலும் நின்றால், அப்போது காது கொடுக்கலாம்.

இதைவிட உறுதியான சாட்சி ஆப்பு வடிவ மண். பிளவின் ஒரு பக்கம் ஒரு மீட்டர் உயர்ந்தோ தாழ்ந்தோ போனால் தரையில் செங்குத்தான ஒரு படி உருவாகும். அந்தப் படியின் முகம் நிலையாக நிற்காது. முதலில் கட்டி கட்டியாக உதிரும், பிறகு மழையில் கரைந்து வழியும். உதிர்ந்த மண் படியின் அடியில் குவியும்: பிளவை ஒட்டித் தடிப்பாக, விலக விலக மெலிந்து, ஆப்பு மாதிரி. அந்த ஆப்பின் அடிப்பக்கம்தான் அன்றைய தரை. பிறகு அதன்மேல் புல் முளைத்து, மண் கறுத்து, அடுத்த நடுக்கத்தில் அந்த ஆப்பும் அறுபட்டு, அதன்மேல் இன்னோர் ஆப்பு விழும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் வாசாட்ச் பிளவில் இப்படி ஆப்புமேல் ஆப்பாக அடுக்கியிருப்பதைக் கண்டிருக்கிறார்கள். இதிலும் ஏமாறலாம்: கட்டிகளாக உதிர்ந்த பகுதியையும் பின்னால் கரைந்து வழிந்த பகுதியையும் இரண்டு தனி ஆப்புகளாக எண்ணினால், ஒரு நடுக்கம் இரண்டாகிவிடும்.

இன்னும் சில சாட்சிகள் உண்டு. தரையில் வாய் திறந்த வெடிப்புக்குள் மேல்மண் விழுந்து நிரம்பியிருப்பது ஒன்று. கீழ் அடுக்குகள் மடிந்து கிடக்க, அவற்றின்மேல் தட்டையாக அடுத்த படிவு உட்கார்ந்திருப்பது இன்னொன்று. நீர் நிறைந்த மணல் குலுக்கலில் கூழாகி, மேலிருக்கும் களிமண்ணைக் கிழித்துக்கொண்டு ஊற்று மாதிரி பொங்கித் தரையில் பரவியிருப்பதும் உண்டு. இந்த மணல் ஊற்றில் ஒரு வசதி: பிளவு மேலே தெரியாத இடங்களிலும் கிடைக்கும். அமெரிக்காவின் நடுப்பகுதியில் உள்ள நியூ மாட்ரிட் பகுதியில் 1811-12இல் வந்த பெரிய நடுக்கங்களுக்கு முன்பே, 900 வாக்கிலும் 1450 வாக்கிலும் அதே மாதிரி நடந்திருக்கிறது என்று தெரிந்தது மணல் ஊற்றுகளால்தான். குறை என்னவென்றால், ஊற்று "இங்கே பலமாகக் குலுங்கியது" என்று மட்டும் சொல்லும்; எந்தப் பிளவு நகர்ந்தது என்று சொல்லாது.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்று உண்டு. வரைந்த சுவர்ப்படத்தைப் பிளவுக்கோட்டோடு கத்தரித்து, துண்டுகளைப் பின்னோக்கி நகர்த்திப் பார்ப்பது. கடைசி நடுக்கத்தின் நகர்வை நீக்கினால், அதற்குமுன் படிந்த அடுக்குகள் எல்லாம் ஒழுங்காகப் பொருந்த வேண்டும். சில பொருந்தாமல் மீதி நகர்வு இருந்தால், அதற்கும் முந்தைய ஒரு நடுக்கம் இருக்கிறது. இப்படி ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே போகலாம். ஆனால் பிளவு பக்கவாட்டில் வழுக்கும் வகை என்றால் இது கைகொடுக்காது. சுவரின் இடப்பக்கமும் வலப்பக்கமும் எதிரெதிரே படிந்த மண்ணே இல்லை. ஒரு பக்கத்து மண் எங்கோ பல மீட்டர் தள்ளியிருந்து வந்திருக்கும். அங்கே பிளவுக்கு இணையாகவும் பள்ளங்கள் எடுத்து, புதைந்த ஓடைத்தடம் ஒன்றை இருபுறமும் துரத்திப் பிடித்து, எவ்வளவு விலகியது என்று அளக்க வேண்டும்.

இனி வயது. பெரும்பாலும் கார்பன்-14. அதன் அரைவாழ்வு 5,730 ஆண்டுகள். 50,000 ஆண்டு வரைதான் பயன்படும். அரிசி அளவு கரித்துண்டு போதும். சோதனைச்சாலை தரும் எண்ணை நேரடியாக ஆண்டாக எடுத்துக்கொள்ள முடியாது. காற்றில் இருந்த கார்பன்-14 காலத்துக்குக் காலம் ஏறி இறங்கியிருக்கிறது. அதனால் மர வளையங்களை ஆண்டு ஆண்டாக எண்ணித் தயாரித்த திருத்த வளைகோட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த வளைகோடு சில இடங்களில் தட்டையாகக் கிடக்கிறது. கி.மு. 800 முதல் 400 வரையுள்ள எந்த ஆண்டின் மரமும் ஏறக்குறைய ஒரே எண்ணைத் தரும். 1650க்குப் பிறகும் இதே தொல்லை: ஒரே ஒரு கரித்துண்டை வைத்து 1700ஐயும் 1850ஐயும் பிரிக்க முடியாது.

அதைவிடப் பெரிய தொல்லை கரித்துண்டின் சொந்தக் கதை. கார்பன்-14 சொல்வது அந்த மரத்துண்டு வளர்ந்த காலத்தை. அது இந்த அடுக்கில் வந்து சேர்ந்த காலத்தை அல்ல. 300 வயது மரத்தின் நடுத்தண்டு எரிந்து, கரி மலைச்சரிவில் சில நூற்றாண்டு கிடந்து, ஒரு வெள்ளத்தில் உருண்டு வந்து சேர்ந்திருக்கலாம். எனவே ஓர் அடுக்கில் பத்துத் துண்டு எடுத்துப் பத்து வயது வந்தால், சராசரி போடக்கூடாது. மிக இளையதே உண்மைக்கு அருகில் இருக்கும், ஏனென்றால் தன்னுள் இருக்கும் மிக இளைய கரியைவிட அந்த அடுக்கு மூத்ததாக இருக்க முடியாது. எலி வளையோ வேரோ மேலிருந்து எதையாவது உள்ளே தள்ளியிருந்தால் இந்த விதியும் கவிழும். அதனால்தான் மாதிரி எடுத்த புள்ளியைச் சுவரில் அவ்வளவு உன்னிப்பாகப் பார்க்கிறார்கள். விதையோ இலையோ கிடைத்தால் கரியைவிட நல்லது. ஓர் ஆண்டுக்குமேல் வாழ்ந்த பொருள் இல்லை அது.

கரியே இல்லாத வெறும் மணலுக்கு ஒளிர்வு முறை இருக்கிறது. குவார்ட்ஸ் துகள் வெயிலில் கிடந்தால் அதன் கடிகாரம் பூஜ்யமாகிவிடும். புதைந்த பிறகு சுற்றியுள்ள கதிர்வீச்சைச் சேமிக்கத் தொடங்கும். வெளிச்சமே படாமல் குழாயை அடித்து மாதிரி எடுத்து, மங்கிய சிவப்பு விளக்கில் பிரித்து, ஒளியால் தூண்டினால் சேமித்ததை ஒளியாகத் திருப்பித் தரும். பிழை பொதுவாக 5 முதல் 10 சதவீதம். கலங்கல் வெள்ளத்தில் வேகமாக வந்து புதைந்த துகளுக்கு வெயில் போதாமல் போயிருந்தால், பழைய கணக்கும் சேர்ந்து வயது கூடிவிடும். கவனித்தீர்களா, இரண்டு முறைகளும் பெரும்பாலும் ஒரே பக்கம் சாய்கின்றன: மண்ணை உள்ளதைவிட மூத்ததாகக் காட்டும் பக்கம்.

இந்தச் சாய்வை ஓரளவு கட்டுப்படுத்துவது அடுக்கின் வரிசை. கீழே இருப்பது மூத்தது என்பது மட்டும் உறுதி. அந்த ஓர் உறுதியைக் கணினிக்குச் சொல்லி, எல்லா வயதுகளையும் பேயஸ் கணக்கில் (முன்பே தெரிந்ததைச் சேர்த்து நிகழ்தகவைத் திருத்தும் முறை) ஒன்றாகப் பொருத்தினால், ஒன்றையொன்று நெருக்கி ஒவ்வொரு வயதின் அகலமும் குறையும். நடுக்கத்துக்கும் ஒரு 'ஜன்னல்' கிடைக்கும். "1000 வாக்கில்" என்று செய்தியில் படிப்பது அந்த ஜன்னலின் நடுப்புள்ளி. அகலம் 40 ஆண்டா 300 ஆண்டா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. கூடவே, எத்தனை பள்ளங்களில் அதே தரை கிடைத்தது என்பதும்.

வயது எப்படி மாறும் என்பதற்கு நல்ல உதாரணம் இந்தத் துறையின் மிகப் புகழ்பெற்ற பள்ளமே. லாஸ் ஏஞ்சலஸுக்கு வடகிழக்கே ஏறக்குறைய 55 கிலோமீட்டரில், சான் ஆண்ட்ரியாஸ் பிளவு குறுக்கே போகும் பாலெட் ஓடை. அங்கே மக்கிய தாவரப் படிவும் மணலும் மாறி மாறி அடுக்கியிருக்கின்றன. ஓடை தானே வெட்டி இறங்கி அதைத் திறந்து வைத்துவிட்டது. கெர்ரி சீ என்ற புவியியலாளர் 1970களில் அங்கே தோண்டி, நடுக்கங்களுக்கு எழுத்துப் பெயர் வைத்தார். மிக இளையது 1857இல் வந்தது. அது வரலாற்றுப் பதிவிலேயே உள்ளது. அதற்கு முந்தையதைக் கார்பன்-14 பதினெட்டாம் நூற்றாண்டில் கொண்டுபோய் வைத்தது. பிறகு அதே பிளவின் ஓரத்தில் நின்ற பழைய மரங்களின் வளையங்களைப் பார்த்தார்கள். 1812ஆம் ஆண்டு வளர்ச்சி முடிந்து 1813 தொடங்குவதற்குள் பல மரங்கள் ஒரே சமயத்தில் காயப்பட்டு, அதன்பின் நெருக்கமான வளையங்களாகச் சுருங்கியிருந்தன. 1812 டிசம்பர் 8இல் கலிஃபோர்னியாவில் ஒரு நடுக்கம் வந்து சான் வான் கபிஸ்த்ரானோவில் தேவாலயம் இடிந்து நாற்பது பேர் வரை இறந்த பதிவு இருந்தது. சேதம் கடலோரத்தில் இருந்ததால், அதை உள்நாட்டில் ஓடும் இந்தப் பிளவோடு யாரும் முடிச்சுப்போடவில்லை. வளையங்கள் முடிச்சுப்போட்டன. அதாவது, நல்ல இடம், நல்ல ஆள், நல்ல மாதிரி எல்லாம் இருந்தும், வளைகோடு தட்டையாக உள்ள காலத்தில் பல பத்தாண்டு பிசகியது.

மர வளையம் சரியாக அமைந்தால் எவ்வளவு கூர்மை கிடைக்கும் என்பதற்கு வட அமெரிக்காவின் பசிபிக் கரை. அங்கே நிலம் திடீரென்று தாழ்ந்து, கடல்நீர் புகுந்து செத்த செடார் மரங்களின் அடித்தண்டுகள் நிற்கின்றன. அவற்றின் வேர்கள் 1699ஆம் ஆண்டு வளர்ச்சியை முடித்திருக்கின்றன, 1700இல் வளரவில்லை. ஜப்பானியப் பதிவுகளில், உள்ளூரில் நடுக்கமே இல்லாமல் வந்த ஒரு 'அநாதை' சுனாமி இருந்தது. அலை கடலைக் கடந்த நேரத்தைக் கழித்தால், 1700 ஜனவரி 26 இரவு என்று கிடைத்தது. மண்ணும் மரமும் ஏடும் இப்படிச் சேர்ந்து வருவது அதிர்ஷ்டம். இதை வைத்து மற்றப் பள்ளங்களிலும் தேதி கேட்கக்கூடாது.

சுவரில் இல்லாததைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2001இல், அதே ஜனவரி 26 அன்று, குஜராத்தின் புஜ் பகுதியில் 7.6 அல்லது 7.7 அளவில் வந்த நடுக்கம் ஏறக்குறைய 20,000 பேரைப் பலிகொண்டது. பிளவு மட்டும் தரைவரை வரவில்லை. மேலே தெரிந்த வெடிப்புகள் பெரும்பாலும் மண் கூழாகி நழுவியதால் வந்தவை. ஆயிரம் ஆண்டு கழித்து அந்தப் பிளவுக்கு மேலே பள்ளம் எடுப்பவருக்கு அறுபட்ட அடுக்கு கிடைக்காது. மறுபக்கமும் உண்டு: நேபாளத்தையும் பீகாரையும் உலுக்கிய 1934 நடுக்கமும் தரையைக் கிழிக்கவில்லை என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். நேபாளத்தின் சிர் கோலா ஆற்றங்கரையில் சுவரைச் சுத்தம் செய்து பார்த்தவர்கள், 1934இன் கிழிசலும் அதற்கு முந்தைய ஒன்றும் இருப்பதாக 2013இல் வெளியிட்டார்கள். முந்தையதை, காத்மாண்டு அரசன் அபய மல்லனின் உயிரைக் குடித்த 1255ஆம் ஆண்டு நடுக்கத்தோடு பொருத்தினார்கள். நல்ல பொருத்தம்தான். ஆனால் ஏட்டில் பெயர் உள்ள நடுக்கம் ஜன்னலுக்குள் விழுந்தால், ஏட்டில் இல்லாத இன்னொன்று அங்கே இருந்திருக்கலாம் என்ற எண்ணமே எழாமல் போகும். இது எல்லாரும் வழுக்கும் இடம்.

எவ்வளவு பெரிய நடுக்கம் என்பதற்கு ஒரு பள்ளம் பதில் சொல்லாது. நகர்வு சராசரியாக ஒரு மீட்டர் என்றால் 6.9 அளவு என்ற மாதிரி சமன்பாடுகள் இருக்கின்றன, ஆனால் நூறு மீட்டர் தள்ளித் தோண்டினால் அதே நடுக்கம் அரை மீட்டர் காட்டும். கிழிந்த நீளம் தெரிய வேண்டும். அதற்குப் பிளவு நெடுகப் பல பள்ளங்களின் ஜன்னல்களை ஒப்பிட வேண்டும். துருக்கியின் வட அனத்தோலியப் பிளவை எண்ணிப் பாருங்கள். 1939, 1942, 1943, 1944 என்று ஐந்தே ஆண்டுகளில் நான்கு நடுக்கங்கள், அடுத்தடுத்த துண்டுகளைப் பல நூறு கிலோமீட்டருக்குக் கிழித்தன. இதே தொடர் 2,000 ஆண்டுக்கு முன் நடந்திருந்தால், எல்லாப் பள்ளங்களிலும் ஒரே ஜன்னல் கிடைக்கும். நாம் அதை ஒற்றை ராட்சச நடுக்கம் என்று எழுதியிருப்போம்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். நியூசிலாந்தின் ஆல்பைன் பிளவில், ஹோகுரி ஓடையை மையமாக வைத்த ஆய்வில் 8,000 ஆண்டுகளில் 24 நடுக்கங்கள் கிடைத்தன. சராசரி இடைவெளி 329 ஆண்டு, கூடக்குறைய 68. வியக்கத்தக்க ஒழுங்கு, கடைசியாக வந்தது 1717. இங்கே "காலம் நெருங்குகிறது" என்று சொல்வதில் பொருள் உண்டு. பாலெட் ஓடையில் பத்து நடுக்கங்களின் சராசரி இடைவெளி 132 ஆண்டு என்று 1989இல் கணக்கிட்டார்கள். ஆனால் அவை இரண்டு மூன்றாகக் கொத்துக் கொத்தாக வந்திருக்கின்றன: கொத்துக்குள் பெரும்பாலும் நூறு ஆண்டுக்கும் குறைவு, கொத்துகளுக்கு நடுவே 200 முதல் 300 ஆண்டு. கடந்த ஓராயிரம் ஆண்டில் 132 என்ற இடைவெளி ஏறக்குறைய ஒருமுறைதான் வந்திருக்கிறது. 1812, 1857 இரண்டும் 45 ஆண்டு இடைவெளியில் வந்தவை. அவற்றோடு அந்தக் கொத்து முடிந்துவிட்டதா, மூன்றாவது ஒன்று தாமதமாகிறதா என்பது, அடுத்த நடுக்கம் வந்து அதன்மேல் ஓர் அடுக்கு படிந்த பிறகுதான் அந்தச் சுவரில் தெரியும்.